இரு வலைகளும் ஒரு வாயிலும்

சென்னை மாநகரில் எழும்பூர் நிலையமும் சென்ட்ரல் நிலையமும் நடந்து செல்லும் தொலைவில் அமைந்தவை. மீட்டர் பாதை வழக்கில் இருந்த காலத்தில், மதுரையிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ புறப்பட்டு வடநாடு செல்ல விரும்பிய ஒருவர் எழும்பூரில் இறங்குவார். பெட்டி படுக்கைகளைக் கூலியாளின் தலையில் ஏற்றுவார். ரிக்‌ஷாவில் சென்ட்ரலை அடைந்து அங்கே அகலப் பாதை வண்டியில் ஏறுவார். ஒரு பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். மற்றொன்றில் 1,676 மில்லிமீட்டர். ஒன்றன் வண்டி மற்றொன்றில் உருளாது. எனினும் பயணி போய்ச் சேர்ந்தார். எவ்வாறு? வண்டி மாறிற்று, பயணி மாறவில்லை, அவர் சட்டைப் பையில் இருந்த முகவரியும் மாறவில்லை.

1992-இல் தொடங்கிய திட்டத்தின்படி நம் நாட்டு ரயில்வே, பாதைகளை எல்லாம் ஒரே அகலத்துக்கு மாற்றும் பணியை மேற்கொண்டது. அது ஒரு வகைத் தீர்வு. கணிப்பொறி வலைகளை இணைக்க முற்பட்டவர்களோ, அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, இதற்கு நேர்மாறான தீர்வைத் தேர்ந்தனர். பாதைகள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே இருக்கட்டும். எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் இடையே ஓடும் ரிக்‌ஷாவை மட்டும் நாம் செம்மையாக அமைப்போம் என்றனர். அந்த ரிக்‌ஷாவின் வரலாற்றையே இன்று மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விழைகின்றேன். இன்று வீட்டு மூலையில் ஒரு சிறு கணிப்பொறியை வைத்து, கீழ்த்தளத்து வலையையும் மேல்தளத்து வலையையும் இணைக்க முயலும் இளைஞர் ஒவ்வொருவரும், தாம் அறிந்தோ அறியாமலோ, அவ்வரலாற்றின் கடைசிப் பக்கத்தில் தம் கையெழுத்தை இடுகின்றார்.

1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முதற்செய்தி சென்றது. அனுப்ப நினைத்த சொல் ‘லாகின்’ என்பது. முதல் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் மறுமுனைப் பொறி நின்றுவிட்டது. அவ்வாண்டின் இறுதிக்குள் சான்டா பார்பராவும் யூட்டா பல்கலைக்கழகமும் சேர, நான்கு நிலையங்கள் கொண்ட ஆர்ப்பாநெட் உருவாயிற்று. செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அனுப்பும் முறை அதன் உயிர்நாடி. பொட்டலங்களைப் பெற்று அடுத்த நிலையத்துக்குத் தள்ளும் பணிக்கென்றே, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பி.பி.என். நிறுவனம், ஹனிவெல் டி.டி.பி.-516 என்னும் பொறியை அடிப்படையாகக் கொண்டு தனிப் பெட்டிகளைக் கட்டித் தந்தது. ஒரே நிறுவனம் கட்டிய ஒரே வகைப் பெட்டிகள். ஒரே வகைக் கம்பி. ஒரே வலைக்குள் எல்லாம் இருந்தவரையில் சிக்கல் ஏதும் எழவில்லை.

வேறு வலைகள் தோன்றியபோதுதான் தலைவலி தொடங்கிற்று. ஹவாய்த் தீவுகளுக்கு இடையே கம்பி இழுப்பது கடினமாதலால், நார்மன் ஆப்ராம்சன் என்பார் 1971-இல் வானொலி அலைகளைக் கொண்டே ‘அலோஹா’ வலையை இயக்கினார். ஓடும் ஊர்திகளுக்காகப் பொட்டல வானொலி வலை ஒன்று சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் எழுந்தது. அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டச் செயற்கைக்கோள் வலை ஒன்று திட்டமிடப்பட்டது. ஒவ்வொன்றிலும் பொட்டலத்தின் அளவு வேறு, வேகம் வேறு, முகவரி எழுதும் முறை வேறு. கம்பியில் பிழையின்றிச் செல்வது வானொலியில் சிதைந்து போகும். இவ்வலைகளை எல்லாம் ஒன்றாக ஆக்குவதா, அல்லது அவற்றைத் தனித்தனியே வாழவிட்டு இடையில் வாயில் வைப்பதா என்பதே அன்று எழுந்த வினா.

ராபர்ட் கான் என்பாரும் விண்ட்டன் செர்ஃப் என்பாரும் 1974-ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட கட்டுரையில் விடை கூறினர். எந்த வலையும் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டுவதில்லை. இரு வலைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு பொறியை நிறுத்துவோம்; அதற்கு நுழைவாயில் என்று பெயர். அது இடப்புறத்து வலைக்கு அவ்வலையின் உறுப்பினன்போலத் தோன்றும். வலப்புறத்து வலைக்கும் அவ்வாறே தோன்றும். பொட்டலம் வந்ததும், மேலுறையைப் பிரித்து, உள்ளுறையில் உள்ள இறுதி முகவரியைப் படித்து, அடுத்த வலைக்கு ஏற்ற புதிய மேலுறையை இட்டு அனுப்பிவிடும். உள்ளே எழுதப்பட்ட செய்தி என்ன என்பது வாயிலின் கவலையன்று. வழியில் தொலைந்ததை மீண்டும் அனுப்புவதும், முறை மாறி வந்தவற்றை வரிசைப்படுத்துவதும் இருமுனைப் பொறிகளின் பொறுப்பு. இப்பொறுப்பை முனைகளுக்கே விட்டுவிடலாம் என்னும் துணிவுக்கு, பிரான்சு நாட்டில் லூயி பூசான் நடத்திய ‘சிக்லாட்’ வலையின் பட்டறிவு பெரிதும் துணை செய்தது. அமெரிக்கரின் பெயர்களையே நாம் பெரிதாகச் சொல்லி, அப்பிரெஞ்சுக்காரரை ஒரு வரியில் கடந்து போவது வழக்கமாகிவிட்டது. நானும் நேரம் கருதி அதையே செய்கின்றேன்.

அக்கட்டுரையில் ஒரு சிறு கணக்கு உண்டு. முகவரியில் வலையைக் குறிக்க எட்டு இரும இலக்கங்களை ஒதுக்கினர். எட்டு இலக்கங்களால் 256 வலைகளைக் குறிக்கலாம். கண்ணுக்கெட்டிய காலம்வரை அது போதும் என்று கருதினர். அக்காலத்தில் ஒரு வலை என்பது ஒரு நாடு தழுவிய பெரும் அமைப்பு. அப்படிப்பட்டவை உலகில் எத்தனை இருக்கக்கூடும்? அவர்கள் எண்ணியது நியாயமே. அந்த 256 என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாயில் என்பது ஏட்டில் எழுதிய கருத்தாகவே நின்றுவிடவில்லை. பி.பி.என். நிறுவனத்தில் பணியாற்றிய வர்ஜீனியா ஸ்ட்ராஸிசர் என்னும் அம்மையார் அதற்குரிய மென்பொருளை எழுதினார். 1977-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் அதற்குப் பெருஞ்சோதனை வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்து நெடுஞ்சாலையில் ஒரு வேன் ஓடிக்கொண்டிருந்தது; அதனுள் ஒரு கணிப்பொறியும் வானொலிக் கருவியும். வேனிலிருந்து கிளம்பிய பொட்டலங்கள் வானொலி வலையில் பறந்து, முதல் வாயிலில் ஆர்ப்பாநெட்டுக்கு மாறின. அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்து, பெருங்கடலைத் தாண்டி நார்வேயையும் இங்கிலாந்தையும் தொட்டன. செயற்கைக்கோள் வலை வழியாக மீண்டும் அமெரிக்கா வந்து, மறுபடியும் ஆர்ப்பாநெட்டில் ஏறி, தென் கலிஃபோர்னியாவில் இருந்த ஒரு கணிப்பொறியை அடைந்தன. வேனுக்கும் அக்கணிப்பொறிக்கும் இடையே நேர்ச்சாலை ஒரு நாள் பயணமே; பொட்டலங்களோ உலகத்தின் ஒரு பெரும்பகுதியைச் சுற்றி வந்தன. மூன்று வலைகள், மூன்று வகை இயல்புகள், எந்த வலையும் தன்னியல்பை மாற்றிக்கொள்ளவில்லை. மனிதன் நிலவில் கால் வைத்த நாளைப் பாடநூலில் படிக்கின்றோம். இந்நாளையும் நாம் படிக்கவேண்டும் என்பது என் கருத்து.

பிறகு நடந்தவை விரைவாகச் சொல்லத்தக்கவை. 1978-இல் டி.சி.பி. என்னும் ஒரே நெறிமுறை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முகவரியும் வழியும் பற்றிய பகுதி ஐ.பி. எனத் தனியே நின்றது. 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் என்பார் பதிப்பித்த 791-ஆம் எண் ஏடு அதற்கு நிலையான வடிவம் தந்தது. முகவரி என்பது 32 இரும இலக்கங்கள். முன்பகுதி வலையைச் சுட்டும்; பின்பகுதி அவ்வலையில் உள்ள பொறியைச் சுட்டும். பெரும் வலை, நடுத்தர வலை, சிறு வலை என மூன்று வகுப்புகள் வகுத்தனர். பெரும் வலையில் ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட பொறிகள் இருக்கலாம். சிறு வலையில் 254. பொட்டலம் இரு வாயில்களுக்கு இடையே திக்குத் தெரியாமல் என்றென்றும் சுற்றிக்கொண்டிராதபடி, அதன் மேல் ஓர் எண்ணும் எழுதப்பட்டது; ஒவ்வொரு வாயிலும் அதில் ஒன்றைக் குறைக்கும்; பூச்சியமானால் பொட்டலத்தைக் களைந்துவிடும். 1983-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் ஆர்ப்பாநெட் முழுவதும் இப்புதிய நெறிமுறைக்கு மாறியது.

இனி வருவதுதான் நம் வீடுவரை வந்து நிற்கும் பகுதி.

1973 முதல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கிய ஈத்தர்நெட், எண்பதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழகங்களுக்குள் புகுந்தது. ஒரு கம்பியை ஒரு கட்டடம் முழுதும் இழுத்து, அதில் எத்தனையோ பொறிகளைக் கோத்துவிடலாம். ஆனால் கம்பியின் நீளத்துக்கு எல்லை உண்டு. ஆகவே கட்டடத்துக்கு ஒரு கம்பி என்றாயிற்று. வலை என்றால் நாடு தழுவியது என்று எண்ணிய காலம் போய், மாடிக்கு ஒரு வலை என்னும் காலம் பிறந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் ஐம்பது கம்பிகள் இருப்பின், ஐம்பது வலை எண்கள் கேட்கவேண்டுமா? கேட்டால், உலகின் மறுகோடியில் உள்ள வாயில்கூட அந்த ஐம்பதையும் தன் பட்டியலில் எழுதி வைக்கவேண்டும். பட்டியல் பெருத்தால் வாயில் மூச்சுத் திணறும்.

பல்கலைக்கழகங்கள் தத்தம் வழியில் விடை தேடின. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நோயல் சியாப்பா பல நெறிமுறைகளை ஒருங்கே கையாளும் வாயிலைப் படைத்தார். ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் யேகர் என்பார் மென்பொருள் எழுத, ஆண்டி பெக்டோல்ஷைம் வடிவமைத்த பலகைகளில் அது ஓடிற்று. அப்பெட்டி அங்கு ‘நீலப் பெட்டி’ என வழங்கிற்று. பின்னாளில் ரூட்டர் விற்று உலகப் புகழ் பெற்ற சிஸ்கோ நிறுவனத்தை 1984-இல் தொடங்கிய லியனார்டு போசாக்கும் சாண்ட்ரா லெர்னரும் அப்பல்கலைக்கழகத்தவரே. 1987-இல் அந்நிறுவனம் ஸ்டான்ஃபோர்டின் மென்பொருளுக்கு முறைப்படி உரிமம் பெற்றது. கணவனும் மனைவியும் வெவ்வேறு கட்டடங்களில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் மடல் அனுப்ப விரும்பியதால் ரூட்டர் பிறந்தது என்றொரு கதை உலவுகின்றது. கதை இனிமையானது, ஆனால் மேலே நான் குறித்த பலருடைய உழைப்பை அது மறைத்துவிடுகின்றது.

ஐம்பது கம்பிகளின் சிக்கலுக்கு எல்லோரும் ஏற்ற விடையை எழுதியவர் ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஜெஃப்ரி மோகல். 1984 அக்டோபரில் அவர் வெளியிட்ட 917-ஆம் எண் ஏடும், 1985 ஆகஸ்டில் போஸ்டலுடன் சேர்ந்து வெளியிட்ட 950-ஆம் எண் ஏடும் துணைவலை என்னும் கருத்தை நிலைநாட்டின. கருத்து மிக எளிது. வெளியுலகுக்குப் பல்கலைக்கழகம் முழுவதும் ஒரே வலை. உள்ளே மட்டும், பொறியைச் சுட்டும் பகுதியிலிருந்து சில இலக்கங்களைக் கடன் வாங்கி, அவற்றைக் கட்டடத்தின் எண்ணாகக் கொள்ளலாம். நம் அஞ்சல் குறியீட்டை எண்ணிப் பாருங்கள். 1972-இல் வந்த அந்த ஆறிலக்க எண்ணில் முதலிலக்கம் 6 என்றால், காஷ்மீரத்து அஞ்சலருக்கு அது தென்கோடி என்பது மட்டும் தெரிந்தால் போதும். கடைசி மூன்று இலக்கங்கள் எந்த அஞ்சலகத்தைச் சுட்டுகின்றன என்பது இங்கிருப்பவர் கவலை. துணைவலையும் அதுவே. வெளியாருக்கு மறைவாக உள்வீட்டுப் பிரிவினை.

எத்தனை இலக்கங்கள் கடன் வாங்கப்பட்டன என்பதை ஒரு பொறி எப்படி அறியும்? அதற்கே ‘மறைப்பு எண்’ வந்தது. 255.255.255.0 என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை இரும எண்ணாக எழுதினால் இடப்புறம் 24 ஒன்றுகளும் வலப்புறம் 8 பூச்சியங்களும் வரும். ஒன்று இருக்கும் இடமெல்லாம் தெருப்பெயர். பூச்சியம் இருக்கும் இடமெல்லாம் வீட்டு எண். 192.168.1.20 என்னும் பொறி, 192.168.1.35 என்பதற்கு எழுத விரும்பினால், இரண்டின் மேலும் மறைப்பை வைத்துப் பார்க்கும். தெரு ஒன்றே. உடனே தெருவில் நின்று, “35 யாரப்பா?” என்று கூவும், உரியவர் கை தூக்குவார், கடிதம் கைமாறும். இக்கூவலுக்கு ஏ.ஆர்.பி. என்று பெயர், 1982-இல் டேவிட் பிளம்மர் வகுத்தது. அதே பொறி 192.168.2.30 என்பதற்கு எழுத விரும்பினால் தெரு வேறு எனத் தெரியும். கூவிப் பயனில்லை, வேறு தெருவுக்குக் குரல் எட்டாது. ஆகவே வாயில்காப்போனிடம் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். வழிப்படுத்தல் என்னும் கலை முழுவதும் இந்த ஒரு வினாவிலிருந்து கிளைத்தது: இவர் என் தெருவினரா, அல்லரா?

அக்காலத்தில் இதற்கு ஒரு குறுக்கு வழியும் முயலப்பட்டது. இடையில் நிற்கும் பொறி, பக்கத்துத் தெருக்காரரை யாரேனும் கூவி அழைத்தால், “நான்தான் அவர்” என்று கை தூக்கிக் கடிதத்தை வாங்கிக்கொள்ளும். பின் உரியவரிடம் சேர்த்துவிடும். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகம் இவ்வழியே சென்றது. மறைப்பு எண் அறியாத பழைய பொறிகளுக்கு இது உதவிற்று. ஆயினும், எல்லோருக்கும் புரியும் ஒழுங்கை விட்டு இத்தகைய பொய்யை நம்பி ஓர் ஊரைக் கட்ட இயலாது என்பதே மோகலின் ஏடு வென்றதற்குக் காரணம் என்று நான் கருதுகின்றேன்.

என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் மாடியில் கணக்குத் தனிவகுப்பு நடத்துகின்றார். கீழே குடும்பம், மேலே பத்துக் கணிப்பொறிகள். கீழ்த்தள வலை 192.168.1.0, மேல்தளத்துக்குத் தனியே 192.168.2.0. இரண்டு வலையட்டைகள் பொருத்திய பழைய கணிப்பொறி ஒன்றை லினக்ஸில் இயக்கி நடுவில் வைத்தார். கீழே அதற்கு 192.168.1.10 என்றும், மேலே 192.168.2.1 என்றும் முகவரி. மாணவர்கள் கீழே உள்ள அச்சுப்பொறியில் வினாத்தாள் அச்சிடவேண்டும். ஆனால் வீட்டாரின் கைப்பேசிகளும் வாசற்கதவுக் கேமராவும் மாணவர் வலையோடு கலந்துவிடலாகாது. நோக்கம் நன்று. ஒரு மாலை என்னைக் காண வந்தவர், “ஐயா, மேலிருந்து கீழே பொட்டலம் போவதைக் கண்ணால் பார்க்கின்றேன், பதில் மட்டும் வரவில்லை. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை” என்றார்.

“தம்பி, அச்சுப்பொறிக்கு உங்கள் மேல்மாடி தெரியுமா?” என்று கேட்டேன்.

அவர் சற்று யோசித்துச் சிரித்துவிட்டார். நடந்தது இதுதான். மேல்தளப் பொறிகள் தம் கடிதத்தை நடுப்பொறியிடம் கொடுத்தன. அது கீழே சேர்ப்பித்தது. அச்சுப்பொறி பதில் எழுதிற்று. பெறுநர் 192.168.2.30, தன் தெருவினர் அல்லர். ஆகவே தனக்குத் தெரிந்த ஒரே வாயிலான 192.168.1.1 என்னும் வீட்டு ரூட்டரிடம் கொடுத்தது. அந்த ரூட்டர் மேல்மாடி வலையைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை, தெரியாததை எல்லாம் வெளியுலகுக்கு அனுப்புவது அதன் வழக்கம், அவ்வாறே அனுப்பிற்று. வெளியுலகில் அம்முகவரிக்கு இடமில்லை. பதில் அங்கே மாண்டது. மருந்து ஒரே வரி: 192.168.2.0 வலைக்குச் செல்லும் பொட்டலங்களை 192.168.1.10-இடம் கொடு என்று வீட்டு ரூட்டரின் வழிப்பட்டியலில் எழுதுவது. அன்றிரவே எழுதினார், வினாத்தாள் அச்சாயிற்று.

போகும் வழியும் திரும்பும் வழியும் இருவேறு செய்திகள் என்பதை ஆர்ப்பாநெட் காலத்துப் பொறியியலர் நன்குணர்ந்திருந்தனர். வாயில்கள் பலவாகப் பெருகியபோது, ஒவ்வொன்றிலும் கையால் எழுதி மாளாது என்று, வாயில்கள் தமக்குள்ளேயே வழிகளைப் பேசிக்கொள்ளும் முறைகள் வந்தன. அவற்றுள் ஒன்றான ‘ரிப்’ என்பதைச் சார்லஸ் ஹெட்ரிக் 1988-இல் எழுத்தில் வடித்தார். வாயில்கள் முப்பது விநாடிக்கு ஒருமுறை, தாம் அறிந்த வலைகளையும் அவை எத்தனை வாயில் தொலைவில் உள்ளன என்பதையும் அண்டையாருக்குச் சொல்லும். பதினைந்துக்கு மேற்பட்ட தொலைவு எட்டாத தொலைவு எனக் கொள்ளப்படும். இரண்டே வலைகள் உள்ள வீட்டுக்கு இது வேண்டுவதில்லை. கையெழுத்தாக ஒரு வரியே போதும்.

அம்மாணவர் அதற்கு முன்னரே தாண்டியிருந்த வேறொரு தடையையும் சொல்லவேண்டும். இரண்டு அட்டைகளைப் பொருத்திவிட்டால் மட்டும் லினக்ஸ் பொறி வாயிலாகிவிடாது. முன்னனுப்பும் சாவி ஒன்று உண்டு; அது இயல்பில் பூச்சியமாக, அஃதாவது மூடியதாக இருக்கும். நாம் அதை ஒன்றாக்கினாலன்றி, தனக்கு வராத பொட்டலத்தை அது தொடாது, களைந்துவிடும். “ஏன் இந்தத் தொல்லை? திறந்தே வைத்தால் என்ன?” என்று இளைஞர் பலர் சலித்துக்கொள்வர். மூடி வைத்ததற்குப் பின்னால் ஒரு பெருந்துன்பக் கதை இருக்கின்றது.

1983-இல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. என்னும் இயக்கமுறை, கல்வி நிலையங்கள்தோறும் பரவிற்று. அதில் இயங்கிய பொறிகள் உபகார குணம் மிக்கவை. தமக்கு வராத பொட்டலம் கையில் கிடைத்தால், உரியவரிடம் சேர்க்க முயலும். தெருவினர் எல்லோரையும் ஒருங்கே அழைப்பதற்குரிய பொது முகவரியில் வீட்டு எண்ணை எல்லாம் பூச்சியமாக எழுதுவது அவற்றின் வழக்கம். 1984-இல் அதே மோகல் எழுதிய மற்றோர் ஏடு, பூச்சியங்கள் அன்று, ஒன்றுகளே எழுதவேண்டும் என முடிவு செய்தது. புதிய பொறி ஒன்று, ஒன்றுகளை இட்டு எல்லோரையும் அழைத்தது. பழைய பொறிகளோ அதைப் பொது அழைப்பு என உணரவில்லை. யாரோ ஒரு தனியாளின் முகவரி என எண்ணின. அவரிடம் சேர்ப்பிக்க வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில், அத்தனையும் ஒரே கணத்தில், “அவர் யாரப்பா?” என்று கூவின. அப்படி ஒருவர் இல்லவே இல்லை. கம்பி முழுதும் கூச்சல். வேறெந்தச் செய்தியும் நகரவில்லை. ‘ஒலிபரப்புப் புயல்’ என்று இதற்குப் பெயரிட்டனர்.

1989 அக்டோபரில் ராபர்ட் பிரேடன் பதிப்பித்த 1122-ஆம் எண் ஏடு இதற்குக் கட்டளை விதித்தது. சாதாரணப் பொறி வாயிலாக நடந்துகொள்ளலாகாது. அவ்வாற்றல் அதற்குள் இருந்தாலும் மூடியே இருக்கவேண்டும். இரண்டு வலைகளில் கால் வைத்திருக்கின்றது என்பதாலேயே அது தானாக வாயிலாகிவிடலாகாது. காரணமும் கூறப்பட்டது: பொறிக்குரியவர் அப்பணியை விரும்பாதவராயிருக்கலாம், அதற்குரிய திறன் இல்லாதவராகவும் இருக்கலாம். சட்ட நூல்களில்கூட இத்தனை நேர்மையான வரியைக் காண்பது அரிது. உங்கள் வீட்டுப் பொறியில் சாவி மூடியிருப்பது இவ்விதியின் வழிவந்த ஒழுங்கே.

முகவரிப் பஞ்சம் பற்றியும் இரண்டு வார்த்தை. மூன்று வகுப்புகள் என்னும் பழைய பிரிவினை 1993-இல் நீக்கப்பட்டு, மறைப்பின் நீளம் எவ்வளவாகவும் இருக்கலாம் என்றாயிற்று. 1994-இலும், பின் திருத்தமாக 1996 பிப்ரவரியில் 1918-ஆம் எண் ஏட்டிலும், யாரையும் கேளாமல் எவரும் தம் வீட்டுக்குள் பயன்படுத்திக்கொள்ளத்தக்க முகவரிகள் ஒதுக்கப்பட்டன. 192.168 என்று தொடங்குவன எல்லாம் அவற்றில் அடங்கும். உலகில் எண்ணற்ற வீடுகளில் ஒரே முகவரி இருப்பது இதனாலேயே. இவை வெளியே செல்லா. செல்லவேண்டின் வாயில் தன் முகவரியை அனுப்புநர் முகவரியாக மாற்றி எழுதவேண்டும். 1994-இல் விவரிக்கப்பட்ட இம்முறையை முகவரி மாற்றம் என்பர். லினக்ஸ் உலகில் ‘மாறுவேடம்’ என்றே பெயர்.

அம்மாணவருக்கும் சிலர் இந்த மாறுவேடத்தையே பரிந்துரைத்தனராம். நடுப்பொறி, மேல்மாடிப் பொட்டலங்களை எல்லாம் தன் பெயரில் கீழே அனுப்பினால், அச்சுப்பொறி நடுப்பொறிக்கே பதில் எழுதும். வீட்டு ரூட்டரில் எதையும் எழுத வேண்டுவதில்லை. உண்மைதான். வீட்டு ரூட்டரில் வழியெழுத இடமே தராத நிறுவனங்களும் உண்டு. அங்கே வேறு வழியில்லை. ஆனால் ஒரே கூரையின் கீழ் உள்ள இரு வலைகளுக்கு நான் அதை விரும்பேன். மாறுவேடம் போட்டபின், அச்சுப்பொறியின் குறிப்பேட்டில் பத்து மாணவரும் ஒருவராகவே தோன்றுவர். எவர் நூறு பக்கம் அச்சிட்டார் என்று கண்டறிய இயலாது. கீழிருந்து மேலே ஒரு பொறியை நேரே அழைக்கவும் முடியாது. வழியைச் செம்மையாக எழுதிவிட்டு, யார் யாரிடம் பேசலாம் என்பதைத் தீச்சுவர் விதிகளால் வரையறுப்பதே முறை. அவர் அப்படியே செய்தார்: மேலிருந்து அச்சுப்பொறிக்கு மட்டும் வழி, கேமராவுக்கும் கைப்பேசிகளுக்கும் இல்லை, கீழிருந்து தொடங்கிய உரையாடலுக்குப் பதில் வரலாம்.

2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், 32 இலக்க முகவரிகளின் உலகப் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த ஐந்து பெருந்தொகுதிகளும் வட்டாரப் பதிவகத்துக்கு ஒன்றாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன, களஞ்சியம் காலியாயிற்று. 1995-இலேயே முதல் வரையறை பெற்றிருந்த ஆறாம் பதிப்பு நெறிமுறை இன்று மெல்ல மெல்ல அவ்விடத்தை நிரப்பி வருகின்றது. அதில் முகவரி 128 இலக்கம்; துணைவலை ஒன்றுக்கு வழக்கமாக 64 இலக்கங்கள் பொறிகளுக்கென விடப்படும். இணைய நிறுவனம் ஒரு வீட்டுக்கு முதல் 56 இலக்கங்களை நிலையாகத் தந்தால், இடையில் எட்டு இலக்கங்கள் வீட்டுக்காரர் விருப்பத்துக்கு மிஞ்சும். எட்டு இலக்கங்கள் என்றால் 256 துணைவலைகள். 1974-இல் உலகம் முழுவதற்கும் போதும் என்று கானும் செர்ஃபும் கணக்கிட்ட அதே எண், இப்போது ஒரு மாடி வீட்டுக்கு.